போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்: கார் ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுக்கும் முறை

சனிக்கிழமை மாலையில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற பட்டணங்களில் சற்று நேரம் நின்று பாருங்கள். கார் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் பாட்டு காதுக்கு வந்துவிடும். தோட்டத்துச் சாலைகளிலும் இதே கதைதான். பழைய கான்சிலோ வீராவோ, பின்னால் ஒரு வூஃபர் பெட்டியும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். நம் இளைஞர்கள் பலர் முதல் சம்பளத்தில் வாங்க ஆசைப்படும் பொருள்களில் இதுவும் ஒன்று. அவ்வளவு சத்தம் தேவையா என்ற வாதத்தை வேறொருவர் எழுதட்டும். நான் எழுத வந்தது அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் இரண்டு வயர்களைப் பற்றி.

நான் மின்பொறியியல் மாணவன். கடந்த சில பருவ விடுமுறைகளில் மலாக்காவில் கார் வானொலி, ஸ்பீக்கர் பொருத்தும் கடை ஒன்றில் உதவியாளாக வேலை செய்தேன். "ஆம்ப் கெட்டுப்போச்சுண்ணே" என்று வருபவர்களின் காரைத் திறந்து பார்த்தால், பல வேளைகளில் ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே இருக்கும். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயரைப் பழுதென்று நினைத்துப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். புதியதும் பழையதைப் போலவே பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அணைந்தது. காரணம், எர்த் வயரின் முனையைக் காரின் சாயத்துக்கு மேலேயே திருகியிருந்தார்கள். ஒரு துண்டு சாண்ட்பேப்பரும் பத்து நிமிடமும் போதுமாயிருந்த வேலைக்கு அவர் இரண்டு மாத ஓவர்டைமை இழந்திருந்தார்.

சிவப்பு வயருக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கறுப்பு வயருக்கு நாம் காட்டுவதில்லை. அதனால் வரும் நட்டம் எப்போதும் பணத்தோடு நிற்பதில்லை. சில வேளை நெருப்பாகவும் முடியும்.

எர்த் என்பது எது?

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் பேட்டரி, வயர், பல்பு வைத்து மின்சுற்று செய்தோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மின்னோட்டம் 'அருஸ்' ஆனது, மின்னழுத்தம் 'வோல்தான்' ஆனது, மின்தடை 'ரிந்தாங்கான்' ஆனது. பெயர் மாறினாலும் விதி மாறவில்லை. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் மறுமுனைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். போகும் அளவும் திரும்பும் அளவும் ஒன்றே.

தோட்டத்துக்கு முழுநேர மின்சாரம் வராத காலத்தில் கார் பேட்டரியை வைத்துத் தொலைக்காட்சி பார்த்த கதையை என் தாத்தா சொல்லியிருக்கிறார். அந்தப் பேட்டரியிலிருந்து இரண்டு வயர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போயின. இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. காரிலோ இரண்டாவது வயர் மறைந்துவிடுகிறது. செலவையும் எடையையும் குறைப்பதற்காகக் காரின் இரும்பு உடம்பையே திரும்பும் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு கேபிள் காரின் உடம்புக்குப் போகும். பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர், தன் கறுப்பு வயரை அருகிலுள்ள இரும்பில் பிடித்துக்கொள்ளும்.

இதைப் பட்டறைகளில் 'எர்த்' என்று சொல்கிறோம். வீட்டு எர்த் உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறது. காரின் எர்த்துக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. கார் நிற்பது ரப்பர் சக்கரங்களின்மேல். 1896இல் டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் பயிரிடத் தொடங்கிய அதே ரப்பர்தான். நம் முன்னோர் மரம் சீவிப் பால் எடுத்த ரப்பர்தான். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கார் எர்த் என்பது மின்சாரம் 'போய்ச் சேரும்' இடமன்று. பேட்டரிக்குத் திரும்பும் பாதை அது. இந்த ஒன்று புரிந்துவிட்டால், கறுப்பு வயரை ஏனோதானோ என்று மாட்ட யாருக்கும் மனம் வராது.

எத்தனை ஆம்பியர் ஓடும்?

வயர் வாங்கும் முன் கணக்குப் போட வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் '1000 வாட்' என்ற எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் கண நேர உச்ச அளவு. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது பெட்டியைவிட உண்மை பேசும்.

20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 40 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 552 வாட். இது உள்ளே போகும் திறன். பழைய வகை ஏபி ஆம்ப்ளிஃபயர் இதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை மட்டுமே ஸ்பீக்கருக்குத் தரும், மீதி வெப்பமாகும். ஆக, வெளியே வருவது சுமார் 330 வாட். டி வகை ஆம்ப்ளிஃபயர் 80 விழுக்காடும் அதற்கு மேலும் தரக்கூடியது. அதனால் அதே ஒலிக்கு அது குறைவான ஆம்பியரையே இழுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். உண்மையான 300 வாட் தரும் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர்.

உள்ளே தேவைப்படும் திறன்: 300 ÷ 0.6 = 500 வாட்
மின்னோட்டம்: 500 ÷ 13.8 = ஏறக்குறைய 36 ஆம்பியர்

பாட்டு சீராக ஒரே அளவில் ஓடுவதில்லை. சராசரியாக இதில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும் என்று கொள்ளலாம். ஆனால் வூஃபர் அதிரும் ஒவ்வொரு கணமும் 36 ஆம்பியர் போய்த் திரும்ப வேண்டும். வயரை அந்தக் கணத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். சிறிய காரின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி. சராசரி 12 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைப் பக்கம் காரை நிறுத்திப் பாட்டுப் போட்டுவிட்டு, திரும்பும்போது நண்பர்களைக் கூப்பிட்டுத் தள்ள வைப்பவர்களின் பிரச்சினை இதுதான்.

சிவப்பு வயர்

கடைகளில் வயரின் தடிப்பைக் 'கேஜ்' என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 8 கேஜ் செம்பு வயரின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 8.4 சதுர மில்லிமீட்டர். 4 கேஜ் 21 சதுர மில்லிமீட்டர்.

முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீளத்துக்கு 8 கேஜ் செம்பு வயரின் மின்தடை ஏறக்குறைய 0.010 ஓம். 36 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.37 வோல்ட் குறைந்துவிடும். 4 கேஜ் வயரில் 0.15 வோல்ட் மட்டுமே குறையும். இந்த ஆம்ப்ளிஃபயருக்கு 8 கேஜ் தாங்கும். 4 கேஜ் நிம்மதியாகத் தாங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவு விலைப் பொட்டலங்களில் வருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அது செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கே கடத்தும். சில வயர்களில் வெளி பிளாஸ்டிக் தடித்திருக்கும். உள்ளே உலோகம் மெலிந்திருக்கும். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். அப்படிப்பட்ட வயரைத்தான் வாங்க முடியும் என்றால் ஒரு படி தடித்ததாக வாங்குங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பானர் காரின் இரும்பில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும். எதிர்முனை முதலில் கழன்றுவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது எதிர்முனை கடைசி.

சிவப்பு வயர் இன்ஜின் பகுதியிலிருந்து காருக்குள் நுழையும் இடத்தில் ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும். அதிலுள்ள துளையின் விளிம்பு கத்தி போன்றது. ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்தால், தோட்டத்துச் செம்மண் சாலையில் கார் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு வயரின் தோலை அறுக்கும். ஒரு நாள் உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொடும்.

ஃபியூஸ் யாரைக் காக்கிறது?

அப்படித் தொட்டால் என்ன ஆகும்? பேட்டரியிலிருந்து பல நூறு ஆம்பியர் அந்த வயரில் பாயும். சில நொடிகளில் பிளாஸ்டிக் உருகும். பக்கத்திலிருக்கும் கம்பளம் பற்றிக்கொள்ளும். இதைத் தடுப்பதற்கே ஃபியூஸ்.

"ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே, இன்னொன்னு எதுக்குண்ணே?" என்று கடையில் பலர் கேட்பதுண்டு. ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்கிறது. பேட்டரிக்கும் அதற்கும் நடுவிலுள்ள 5 மீட்டர் வயரைக் காக்க அதனால் முடியாது. வயர் நடுவழியில் அறுபட்டால் மின்னோட்டம் ஆம்ப்ளிஃபயர் வரை போகாமலேயே இரும்பு வழியாகத் திரும்பிவிடும். ஆகவே பேட்டரியின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஃபியூஸின் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. 8 கேஜ் செம்புக்கு 50 ஆம்பியரையும், 4 கேஜ் செம்புக்கு 100 ஆம்பியரையும் மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டு ஆம்ப்ளிஃபயருக்கு 40 ஆம்பியர் போதும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதை மாட்டுவதோ, வெள்ளிக் காகிதத்தைச் சுற்றுவதோ, நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவதற்குச் சமம்.

கறுப்பு வயர்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறோம். திரும்பும் பாதையில் மூன்று கண்ணிகள் உண்டு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து காரின் உடம்புக்கு ஒன்று. காரின் உடம்பு ஒன்று. உடம்பிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கு ஒன்று. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான்.

முதல் கண்ணியை அமைக்கும் முறை இது:

1. கறுப்பு வயர் சிவப்பு வயரின் தடிப்பிலேயே இருக்க வேண்டும். போன 36 ஆம்பியரும் அதன் வழியாகத்தான் திரும்புகிறது.

2. வயர் குட்டையாக இருக்கட்டும். அரை மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

3. காரின் முக்கிய உடம்போடு பற்றவைக்கப்பட்ட தடித்த இரும்புப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இருக்கை வார்ப்பட்டையின் போல்ட்டைத் தொடாதீர்கள். விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய போல்ட் அது.

4. புதிதாகத் துளை போடுவதென்றால் முதலில் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல சிறிய கார்களில் பின்னிருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் தொட்டி இருக்கிறது.

5. வளைய முனை உட்காரும் இடத்தில் சாயம் முழுவதையும் சாண்ட்பேப்பரால் தேய்த்து, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். சாயம் மின்சாரத்தைக் கடத்தாது.

6. வளைய முனையை வயரோடு கருவி கொண்டு இறுக்கி அழுத்துங்கள். பிறகு போல்ட், நட், பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். தகட்டுத் திருகாணி மட்டும் போதாது. குலுங்கக் குலுங்கத் தளர்ந்துவிடும்.

7. எல்லாம் முடிந்தபின் மேலே சாயமோ கிரீசோ பூசுங்கள். மலாக்கா போன்ற ஈரமான கடற்கரை மாநிலத்தில், தேய்த்து விட்ட இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துருவும் சாயத்தைப் போலத்தான், மின்சாரத்துக்கு வழிவிடாது.

இதில் ஐந்தாவதைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சாயத்தின் மேல் உட்கார்ந்த முனை, திருகாணியின் மரை வழியாக மட்டும் இரும்பைத் தொடும். அந்த இடத்தில் மின்தடை 0.05 ஓம் என்று கொள்வோம். பார்க்க மிகச் சிறிய எண். 36 ஆம்பியர் ஓடும் கணத்தில் அங்கே 1.8 வோல்ட் காணாமல் போகும். 12.6 வோல்ட் பேட்டரி ஆம்ப்ளிஃபயருக்கு 10.8 வோல்ட்டாகத்தான் தெரியும். சிவப்பு வயரின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். 10 வோல்ட்டை நெருங்கும்போது தானாக அணைந்துகொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் பல உண்டு. பத்து பெரெண்டாம் தம்பியின் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் செய்தது அதைத்தான். அவை தங்களைக் காத்துக்கொண்டன. அவரோ அவற்றைப் பழுதென்றார்.

இழந்த மின்னழுத்தம் வெப்பமாகிறது. 36 × 36 × 0.05 என்று பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். ஈயம் பற்றவைக்கும் சாதாரணச் சூட்டுக்கோல் 40 வாட்தான். அந்தச் சூடு ஒரு திருகாணித் தலையில், கம்பளத்துக்கு அடியில் பிறக்கிறது. ஃபியூஸும் இதைக் காப்பாற்றாது. ஓடுவது வழக்கமான 36 ஆம்பியர்தானே என்று அது பேசாமல் இருக்கும். கறுப்பு வயரின் ஆபத்து இதுதான்: அதற்குக் காவல்காரன் கிடையாது. வேலையைச் செய்பவரின் கைச்சுத்தம் மட்டுமே காவல்.

மூன்றாவது கண்ணியையும் மறக்கக்கூடாது. இருபது ஆண்டு ஓடிய காரில் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து உடம்புக்குப் போகும் கேபிள் பச்சை பூத்திருக்கும். பின்னால் எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும் முன்னால் இந்த ஒன்று கெட்டிருந்தால் பயனில்லை. முனைகளைச் சுத்தம் செய்து, அதனோடு 4 கேஜ் வயர் ஒன்றையும் கூடுதலாக இழுத்துவிடுங்கள். சாலைச் சந்திப்பில் நின்றதும் இன்ஜின் தானே அணையும் புதிய கார்களில் எதிர்முனையில் ஓர் உணர்கருவி இருக்கலாம். அப்படி இருந்தால் கூடுதல் வயரை நேராகப் பேட்டரி முனையில் மாட்டாமல், உணர்கருவியைத் தாண்டி உடம்புப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

விசில் சத்தம் ஏன் வருகிறது?

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'வீ...' என்று ஏறும் சத்தத்தைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் சிறு அலைகள் உண்டு. இன்ஜின் வேகம் கூடக் கூட அந்த அலைகளும் வேகமாகும். அதுதான் ஏறும் விசில்.

அது ஸ்பீக்கருக்குள் எப்படி வந்தது? முன்னால் இருக்கும் வானொலிக்கு ஓர் எர்த். பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எர்த். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. பின்னால் இருக்கும் எர்த் சரியில்லை என்றால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு பிறக்கிறது. திரும்ப வழி தேடும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி, பாட்டைக் கொண்டுவரும் மெல்லிய ஆர்.சி.ஏ. கேபிளின் வெளியுறை வழியாக வானொலிக்குப் போகிறது. பாட்டோடு விசிலும் கலக்கிறது. எர்த் முழுவதும் கழன்றுவிட்டால், அந்த மெல்லிய வழியில் பெரிய மின்னோட்டம் பாய்ந்து வானொலியின் உட்பகுதியே கருகக்கூடும்.

ஆகவே விசிலைத் தடுக்கும் வடிகட்டியைத் தேடிப் பணத்தைச் செலவழிக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். சிவப்பு வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கமாகவும் இழுப்பதும் உதவும்.

கண்ணால் பார்த்தால் போதுமா?

போதாது; அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை நேர்மின்னோட்ட வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் வையுங்கள். மீட்டரின் வயர் எட்டாது. 5 மீட்டர் மெல்லிய வயரால் நீட்டிக்கொள்ளலாம். மீட்டர் மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாக இழுப்பதால் இந்த வயர் மெலிந்திருந்தாலும் அளவு மாறாது.

இன்ஜினை ஓடவிட்டு, வூஃபர் நன்கு அதிரும் பாட்டை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உச்ச அளவில் போடுங்கள். பாட்டு ஓடாமல் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் மிக நன்று. 0.2 வரை ஏற்கலாம். 0.5 வந்தால் திரும்பும் பாதையில் எங்கோ அடைப்பு. அப்போது ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனையை எர்த் போல்ட்டுக்கும், அதன் அருகிலுள்ள வெறும் இரும்புக்கும், பிறகு பேட்டரி அருகிலுள்ள உடம்புக்கும் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் சட்டென்று இறங்குகிறதோ, அங்கேதான் கோளாறு.

வாசக நண்பர்களே, இந்த வேலையைச் சான்றிதழ் எதுவும் இல்லாமல், காதால் கேட்டும் கையால் தொட்டும் கற்றுக்கொண்ட தம்பிகள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைத்திறன் இருக்கிறது. மேலே சொன்ன சிறு கணக்குகள் மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அலோர் காஜாவில் அட்டெக்கும், செலண்டாரில் முன்பு ஐ.எல்.பி. என்றிருந்த பயிற்சி நிலையமும் இருக்கின்றன. திறன் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு வெளிவர வழி உண்டு என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்வது பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நம் கடமை. அதற்கு முன், அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தம்பியின் காரில் கறுப்பு வயர் எங்கே முடிகிறது என்று இருவருமாகத் தேடிப் பாருங்கள்.